கொடிப்பசலைத் திருடன்

"இன்னைக்கும் கிள்ளிட்டாங்க, டீச்சரம்மா."

முதல் மாடி வாசலில் நின்று சொன்ன வாட்ச்மேனின் முகமே சரியில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் டீச்சரம்மா ஒரு சாண் தண்டை ஊன்றி வளர்த்த கொடிப்பசலை, சுவர் முழுக்கத் தளதளவென்று ஏறிக் கிடந்தது. பத்து நாளாக விடிந்து பார்த்தால் நுனியெல்லாம் மாயம்.

"கீரைதானேப்பா, விடு. ரெண்டு நாள்ல திரும்பத் துளிர்த்துடும்."

"நீங்க விட்டுடுவீங்க. நான் ஒன்பது வருஷமா இந்த கேட்ல நிக்கிறேன், ஒரு செருப்புகூடக் காணாமப் போனதில்ல. இப்ப மூணாம் மாடிக்காரர், 'கீரையவே காப்பாத்தல, காரை எப்படிக் காப்பாத்துவே'ன்னு கேக்குறார். செக்ரட்டரி வேற ஆள் தேடுறாராம்."

டீச்சரம்மா கொஞ்சம் யோசித்தார். "ஆள் மாட்டினா முதல்ல என்கிட்ட வந்து சொல்லு. வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே."

வழக்கமாகக் காலை ஆறு மணிக்கு அவன் மோட்டார் போடப் பின்பக்கம் போவான். மறுநாள் போகவில்லை. தூணுக்குப் பின்னால் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றான். அந்த வயிறு அவ்வளவு எளிதில் ஒளியக்கூடியது அல்ல.

லிஃப்ட் திறந்தது. துணிப்பையும் கையுமாக வந்தவர் டீச்சரம்மாவின் கணவர். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். போன வருடம் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தினமும் மார்க்கெட்டுக்குப் போகிறவர்தானே என்று வாட்ச்மேன் அலட்சியமாக இருந்துவிட்டான்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். கணுவுக்கு மேலே நகத்தை வைத்துக் கிள்ளினார். சதைப்பிடிப்பான இலைகள் கை நிறையச் சேர்ந்ததும், சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்துக் கடைக்கட்டு மாதிரியே கட்டினார். குழாயடியில் தண்ணீர்கூடத் தெளித்தார்.

"ஐயா, நீங்களா?"

அவர் கையிலிருந்த கட்டு நழுவியது. வாட்ச்மேனின் நாற்காலியிலேயே மெல்ல உட்கார்ந்தார்.

"அவகிட்ட சொல்லிடாதப்பா. முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்தவன் நான். இப்ப மெயின் ரோட்டைத் தாண்ட முடியல. பாதியிலேயே கால் மடங்கிடுது."

"அதுக்காக சொந்தக் கீரையவே திருடணுமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து மார்க்கெட் போறது என் வேலை. மத்ததெல்லாம் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். முடியலன்னு தெரிஞ்சா இதையும் நிறுத்திட்டு என்னை வீட்டோட உக்கார வச்சிடுவா."

"உடனே மேல போனா சந்தேகம் வராதா?"

"பைக் நிறுத்துற இடத்துல அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் போவேன். மார்க்கெட் என்ன பக்கத்துலயா இருக்கு?"

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்தது. கீழே கிடந்த கட்டை எடுத்து, மண்ணைத் தட்டி, பையில் வைத்தான். வேலை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"என் வாயால வெளிய வராது, ஐயா."

பத்து மணிக்கு டீச்சரம்மா ஒரு காகிதப் பொட்டலத்தோடு கீழே வந்தார்.

"ஆள் மாட்டினானா?"

"ஆள் இல்லம்மா... ஆடு."

"ஆடா?"

"ஆமாம்மா, என் கண்ணால பாத்தேன். விரட்டி விட்டுட்டேன்." ஒன்பது வருடத்தில் அவன் சொன்ன முதல் பொய். கழுத்தெல்லாம் வேர்த்தது.

டீச்சரம்மா அவனையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்ததில் கண் கலங்கிவிட்டது.

"நல்லவன்ப்பா நீ. செக்ரட்டரிகிட்ட நானே பேசிக்கிறேன், உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது." பொட்டலத்தை அவன் கையில் வைத்து, மேலே ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கத்தரி, வெண்டை, தக்காளி விதை இருக்கு. பசலைக்குப் பக்கத்துலயே போட்டுடு. மார்க்கெட்ல இன்னைக்கும் பசலைதான் கிடைச்சுதுன்னு தினமும் சொல்ல அவருக்கே கூச்சமா இருக்கு, பாவம்."