தகரம் தட்டும் மாஸ்டர்

டம்! டம்! டம்!

விடியற்காலை மணி ஐந்து. பூவாத்தாள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆரம்பிச்சுட்டாரு! இந்த மனுசனுக்குத்தான் தூக்கமில்லை, ஊருக்குமா இருக்கக் கூடாது?"

பக்கத்து வீட்டு ரத்தினசாமியைத்தான் சொன்னாள். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். மனைவி செல்லாத்தாள் போய் இரண்டு வருஷம். அதிலிருந்து யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினால் எரிந்து விழுவார். அது போதாதென்று ஒரு வருஷமாகத் தினமும் இந்த எண்ணெய்த் தகரக் கச்சேரி.

கேட்டால், "காக்கா வெரட்டறேன்" என்பார். இருட்டில் ஏது காக்கா?

ஞாயிற்றுக்கிழமை ஓடு மாற்ற ஆள் கூட்டி வந்தார், அந்த லைன் வீடுகளின் சொந்தக்காரர் ஞானசம்பந்தம். பூவாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு ரெண்டாம் ஷிப்டு பார்த்துட்டு வந்து கண்ணை மூடறதே ஒரு மணிக்குங்க. அஞ்சு மணிக்குத் தகரம் தட்டினா மனுசன் என்னத்துக்குங்க ஆவாரு?"

ஞானசம்பந்தம் நேரே ரத்தினசாமியிடம் போனார்.

"மாஸ்டர், லைனே புகார் சொல்லுதுங்க. தகரத்தை நிறுத்துங்க. இல்லீன்னா வேற ஊடு பார்த்துக்குங்க."

"ஊட்டை வேணா காலி பண்றனுங்க. தகரத்தை நிறுத்த முடியாதுங்க."

திமிரைப் பார், என்று பூவாத்தாள் முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

அதற்குள் கடைசி வீட்டு வேலாயி ஓடி வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் கிடந்து, போன வருஷம் இந்த லைனுக்கு வந்த குடும்பம். கணவன் சுப்பையனுக்குச் சலவைப் பட்டறையில் வேலை.

"ஐயாவை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்களுக்காகத்தான் தட்டுறாரு."

"உங்களுக்காகவா?"

"தோட்டத்துல விடியக்காலம் தப்பட்டை அடிச்சு எழுப்புவாங்க. சங்கு ஊதினா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். இங்க எல்லாம் தலைகீழா இருக்கு. காலையில மில்லுச் சங்கு ஊதினதும் இவரு நிம்மதியாப் புரண்டு படுத்துக்கிட்டாரு. மூணு நாள் பிந்திப் போனாரு. இன்னொரு நாள் பிந்தினா வேலையே இல்லேன்னுட்டாங்க. ஐயாகிட்டச் சொல்லி அழுதேன். 'தப்பட்டைக்கு நான் எங்கடி போவேன்?'னு திட்டினாரு. மறுநாளே தகரத்தைத் தட்டினாரு."

"இப்ப உன்னைய ஆரு கேட்டா?" என்று உறுமிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார் ரத்தினசாமி.

ஞானசம்பந்தம் தலையைச் சொறிந்தார். "ஒருத்தன் பொழப்புச் சமாச்சாரமுங்க அம்மணி. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று பூவாத்தாளுக்கே புத்தி சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ஆனால் பூவாத்தாள் விடுகிற ஆளா? எழுப்புவதுதானே வேண்டும்? நாமே போய் வேலாயியின் கதவைத் தட்டிவிட்டால் தகரம் எதற்கு?

மறுநாள் நாலே முக்காலுக்கே எழுந்து, விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, கடைசி வீட்டுக்குப் போனாள்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே அரை இருட்டு. சுப்பையன் குளித்து, திருநீறு பூசி, சட்டை மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் தூக்குப்போசியில் சோறு தயார். அடுப்பில் தேயிலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்து வைத்த டம்ளர் மூன்று.

"ஏம் புள்ளே, நீங்கதான் எந்திரிச்சுட்டீங்களே! அப்புறம் எதுக்குத் தகரம்?"

வேலாயி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவாக்கா! எங்களுக்கு இந்த ஊர்ச் சங்கு பழகி எட்டு மாசமாச்சு. ஐயாவுக்குத் தெரியாது."

"சொல்லித் தொலைக்கறதுதானே?"

"அந்தம்மா போனதுக்கு அப்புறம் ஐயா உச்சி வரைக்கும் பாயை விட்டு எந்திரிக்காமலே கிடந்தாராமே, அக்கா? எங்களை எழுப்பணும்னுதான் இப்ப எந்திரிக்கிறாரு. தட்டிட்டு வந்து, திட்டிக்கிட்டே ஒரு டம்ளர் தேத்தண்ணி குடிப்பாரு. நாங்க முழிச்சுட்டோம்னு சொன்னா, அவரு மறுபடி படுத்துருவாரே!"

பூவாத்தாள் மாஸ்டர் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அந்தக் கதவு நாள் முழுக்கச் சாத்திக் கிடந்ததை அவளும்தான் பார்த்தாள். ஒரு நாளாவது போய்த் தட்டியதில்லை.

அந்த வீட்டிலிருந்து இருமல் சத்தம். ரத்தினசாமி எழுந்துவிட்டார்!

பூவாத்தாள் ஒரே ஓட்டமாகத் தன் வீட்டுக்குள் போய், எரிந்துகொண்டிருந்த விளக்கை ஊதி அணைத்தாள்.

டம்! டம்! டம்!

யாருக்காகத் தட்டுகிறார் என்ற குட்டு நேற்றே உடைந்துவிட்டதால் இன்று அதட்டலும் சேர்ந்துகொண்டது. "டேய் சுப்பையா, இன்னும் என்னடா தூக்கம்? எந்திரி!"

"இதோ எந்திரிச்சிட்டேன் ஐயா!"

பூவாத்தாள் தலைமயிரைக் கலைத்துவிட்டுக்கொண்டு, லைனே கேட்கும்படி ஒரு கொட்டாவி விட்டபடி வெளியே வந்தாள்.

"ஏனுங்க மாஸ்டர், நாளையிலிருந்து எங்கூட்டுக் கதவையும் ஒரு தட்டுத் தட்டிப்போடுங்க. எனக்கும் முழிப்பே வர்றதில்லீங்க!"