நான்கு டிகிரி

மருந்தகத்து ஜன்னல் வெயில், வேனிலிருந்து இப்போதுதான் இறக்கிய தடுப்பூசிப் பெட்டியின் மேல் விழுகிறது. கணினித் திரையில், பெட்டியின் வெப்பநிலை சென்சார் அனுப்பியபடி, வழிநெடுக நான்கு டிகிரி என்று பச்சைக் கோடு. பிளாக்செயினில் ஏறிவிட்ட பதிவு, யாராலும் திருத்த முடியாது. மருந்தாளர் ஒரு குப்பியை எடுக்கிறாள். உள்ளங்கையில் வெதுவெதுக்கிறது. “சென்சார் எங்கண்ணே?” “பெட்டி கொஞ்சம் சூடானாலும் கத்தி உயிரை எடுக்குதும்மா. அதைத் தனியா என் ஐஸ் டப்பாவுல போட்டுட்டேன்” என்று சிரிக்கிறார் வேன் ஓட்டுநர். “எத்தனை நாளா?” “ஒரு வாரமா. ஒரு தடவைகூட கத்தலையே!” நேற்று வந்த குப்பியைத்தான் இன்று காலை, நாய் கடித்த சிறுமிக்குப் போட்டார்கள். மருந்தாளர் சிறுமியின் அம்மாவைப் போனில் அழைக்கிறாள். “ஊசிதான் போட்டாச்சே மேடம், இனிமே என்ன பயம்?” என்கிறது மறுமுனை.