ஓடும் சத்தம்

சத்தம் வந்தது. சக்கரம் அசையவில்லை.

மேவிஸ் தண்டவாளத்தின் மேல் குனிந்து பார்த்தாள். உள்ளங்கை நீளப் பச்சை எஞ்சின், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, மேடேறுவது போல் புஸ் புஸ் என்று இரைந்தது.

கூரைக்கடியில் அறை போலிருந்த பரணின் நடுவில், நாற்காலியில் அவள் கணவன் கிளைவ். அவனைச் சுற்றி நான்கு சுவரோரமும் தண்டவாளம். மடியில் எஞ்சினை ஓட்டும் பெட்டி. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு," என்றாள்.

யோசிப்பதற்கு முன்பே வந்துவிட்ட பொய்.

ஜனவரியில், ஸ்டாக்டன் சாலையில், பனிக்கட்டியில் கார் சறுக்கியது. ஓட்டியது மேவிஸ். அவளுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. அவனுக்கு இரண்டு கண்களும் போயின.

அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

சொன்னதெல்லாம் வேறு. இருபது வருடமாகப் பரணில் போட்ட ரயில்பாதையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, ரயில் க்ளப் நாரிஸுக்குப் போன் செய்தான்.

"கண்ணு இல்லாதவனுக்கு ரயில் எதுக்குடா? வேன்ல இடமிருந்தா என்னையும் ஏத்திக்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்ட அன்றுதான் மேவிஸ் வீட்டிலிருந்த தூக்க மாத்திரைகளை எல்லாம் எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எஞ்சினுக்குச் சத்தம் வைக்கலாம், கிளைவ். எங்க போகுதுன்னு காதால கேட்டே ஓட்டலாம்."

"யாரு, நீயா வைப்ப? பல்பு மாத்தவே பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுறவ."

"நாரிஸ் வர்ற வரைக்கும் டைம் குடு."

கொடுத்தான்.

சமையலறை மேசையில் எஞ்சினின் மூடியைக் கழற்றினாள். நகமளவு சர்க்யூட். பட்டாணியளவு ஸ்பீக்கர். தலைமுடி போன்ற வயர்கள். சால்டரிங் செய்ததில் எஞ்சினைவிட விரல்தான் அதிகம் வெந்தது. ஒரு நொடி, நூல் போலப் புகை வந்தது. அடுத்த நொடி விசில் கேட்டது. குழந்தை போலக் கைதட்டினாள்.

மோட்டாரின் இரண்டு முனைகளில் எதுவும் எஞ்சினின் உலோக உடம்பைத் தொடக்கூடாது. தொட்டால் சர்க்யூட்டில் மோட்டாரை ஓட்டும் பகுதி மட்டும் கருகிவிடும். சத்தம் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். விளக்கத்தாளில் அது தடித்த எழுத்தில் இருந்தது. புகையைப் பார்த்த பிறகும் அவள் அதைப் படிக்கவில்லை.

இன்று காலை, அவனுடைய பாதங்களை ஒவ்வொன்றாக ஏணிப்படியில் எடுத்து வைத்து, மேலே ஏற்றினாள்.

இப்போது அவன் பெட்டியின் குமிழைத் திருகினான். இரைச்சல் வேகமெடுத்தது.

மேவிஸ் செருப்பைக் கழற்றினாள். எஞ்சினின் முதுகில் விரலை வைத்துத் தள்ளினாள்.

இறுகிப்போன சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. மெல்லிய தேய்ப்பொலியை நீராவிச் சத்தம் மூடிக்கொண்டது. சத்தம் நகர நகர, கிளைவின் முகமும் அதன் கூடவே திரும்பியது.

சுரங்கம் வந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் தள்ளினாள். மறுபக்கம் ஓடி, கையை உள்ளே விட்டு இழுத்தாள்.

"சுரங்கம்!" என்றான் கிளைவ். "கேட்டியா? சத்தம் அமுங்கி வருது பாரு!"

ஜனவரிக்குப் பிறகு அந்தக் குரலை அவள் கேட்கவில்லை.

அவன் எஞ்சினின் விசிலை அடித்தான். மெதுவாக்கினான். மறுபடியும் விரட்டினான். மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டாள். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

கீழே அழைப்பு மணி அடித்தது.

"நாரிஸா இருக்கும்," என்றாள், மூச்சை அடக்கி.

"அடிக்கட்டும். வண்டி ஓடிக்கிட்டிருக்குல்ல?"

மணி இன்னும் ஒரு முறை அடித்தது. பிறகு வேன் கிளம்பிப் போகும் சத்தம்.

அவளுக்குக் கண் கலங்கியது. தண்டவாளம் தெரியவில்லை. தடவிக்கொண்டே தள்ளினாள்.

"மேவிஸ்."

"ம்?"

"அந்த மூலையில உத்தரம் தாழ்வா இருக்கும். தலையை இடிச்சுக்காத."

அவள் விரல் நின்றது. எஞ்சினும் நின்றது. சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் முகம் நேராக அவளைப் பார்த்திருந்தது. அதில் சிரிப்பு இருந்தது. என்ன சிரிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் கட்டைவிரல் குமிழைக் கடைசி வரை திருகியது.

மேவிஸ் தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள்.