மூணு கறுப்புக்கு இடப்பக்கம்

"தொண்டையைப் பிடிக்காதீங்க ஆன்ட்டி. மூச்சு வயித்துலேர்ந்து வரட்டும். இன்னொரு தடவை" என்றாள் பாட்டு டீச்சர் ஜாஸ்மின்.

அருள்மேரி வயிற்றில் கை வைத்துக்கொண்டு பாடினாள். நான்காவது வரியில் பாட்டு மேலே ஏறும் இடம் வந்தது. வழக்கம்போல அங்கேயே குரல் உடைந்தது.

ஐந்து மாதமாக இதே கதைதான். ஊரப்பாக்கத்தில் ரயிலேறி, குரோம்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அஸ்தினாபுரம் வந்து, இந்த மாடி அறையில் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள். உதட்டைப் படபடக்க விட்டு ஊதுவது, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறப்பது, ஐந்து ஸ்வரத்தைக் கட்டை கட்டையாக ஏற்றிக்கொண்டு போவது என்று ஜாஸ்மின் கொடுத்த பயிற்சியில் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் இப்படி உழைக்கிறவளுக்குக் குரல் வர மாட்டேன் என்கிறதே என்று ஜாஸ்மினுக்கே ஆற்றாமையாக இருந்தது.

வருகிற ஞாயிறு, அருள்மேரியின் கணவர் ஆரோனின் முதல் வருட நினைவு ஆராதனை. சபையில் கீபோர்டு வாசித்தவர். அவர் வாசிக்க இவள் பாட, இருபத்திரண்டு வருட ஞாயிறுகள் போயிருக்கின்றன. அவரே மெட்டுப் போட்ட பாட்டை அன்றைக்குப் பாடிவிட வேண்டும் என்பதுதான் அருள்மேரியின் ஒரே ஆசை. ஆனால், அவரைப் புதைத்த அன்றே தன் குரலும் போய்விட்டது என்பாள்.

"கண்ண மூடிக்கிட்டு இப்பப் பாடுங்க" என்று சொல்லிவிட்டு ஜாஸ்மின் மூன்று கட்டை இறக்கி, டி கட்டையில் வாசித்தாள்.

அருள்மேரி பாடினாள். சின்ன அறை நிறைந்து போயிற்று. நான்காவது வரியைத் தாண்டியதே தெரியவில்லை. சந்தோஷத்தில் கண்ணைத் திறந்தவள், ஜாஸ்மினின் விரல்களைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"இங்க இல்லமா." எஃப் கட்டையைத் தொட்டுக் காட்டினாள். "மூணு கறுப்புக்கு இடப்பக்கத்து வெள்ளை. அவரு கை இங்கதான் ஆரம்பிக்கும். கடைசி வரைக்கும் இங்கதான். பக்கத்துல நின்னுகினு பாத்தவ நானு."

"வயசானா எல்லாருக்கும் குரல் எறங்கும் ஆன்ட்டி. அது தப்பில்ல."

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத ஞாயிறு கூடப் பாடுனேனே. ஒரே வருஷத்துல இன்னா வயசாயிடுச்சு எனக்கு?"

ஜாஸ்மின் யோசித்தாள். துக்கம் அப்படியும் செய்யுமோ என்னவோ.

"அங்கிளோட கீபோர்டுல ஒருதடவை பிராக்டிஸ் பண்ணிப் பாக்கலாமா?"

"அத யாரும் தொடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கி அவரு மூடி வெச்ச துணி. நானே எடுக்கல."

"சரி, ஞாயித்துக்கெழம இதே மாதிரி எறக்கிப் பாடிடலாம். யாருக்கும் தெரியாது."

"அவருக்குத் தெரியும். 'கல்யாணத்தன்னிக்கிப் பாடுன அதே கொரலு மேரி'ன்னு ஆராதனை முடிஞ்சு வரும்போதெல்லாம் சொல்லுவாரு. அவரு வார்த்தைய நான் பொய்யாக்க மாட்டேன்."

ஜாஸ்மினின் பொறுமை அன்றோடு தீர்ந்தது. பாவம், இன்னும் எத்தனை நாள் இவளை ஏமாற்றிக்கொண்டிருப்பது என்று தோன்றவே, போட்டு உடைத்துவிட்டாள்.

"உங்களுக்கு இனிமே எஃப் வராது ஆன்ட்டி. தலகீழா நின்னாலும் வராது. உங்க குரல் எறங்கிடுச்சு."

அருள்மேரி அந்த வெள்ளைக் கட்டையை விரலால் ஒருதடவை தடவினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படியிறங்கிப் போனாள்.

ஞாயிறன்று அந்தப் பாட்டைச் சபையின் பாடகர் குழுவிலிருந்து சினேகா என்ற பெண் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். அருள்மேரி முன் பெஞ்சில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பின்வரிசையிலிருந்து ஜாஸ்மின் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆட்டோவில் கீபோர்டு வந்து இறங்கியது, போர்த்திய துணி போர்த்தியபடியே.

"நீயே வெச்சுக்கமா. பாடாதவ வூட்ல இது எதுக்கு?" என்றாள் அருள்மேரி.

"ஆன்ட்டி, நான் அன்னிக்கி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"உண்மையத்தான சொன்ன. அவரும் இல்ல, அவரு சொன்ன கொரலும் இல்ல. இனிமே நான் பாடப் போறதில்லன்னு கர்த்தர்கிட்டயே சொல்லிட்டேன்."

தண்ணீர்கூடக் குடிக்காமல், வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

ஜாஸ்மின் துணியை விலக்கினாள். கட்டைகளெல்லாம் பளிச்சென்று இருந்தன. மேலே ஒரே ஒரு பட்டன் மட்டும் எழுத்து அழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. டிரான்ஸ்போஸ் பட்டன். அதை அமுக்கிவிட்டால் போதும், விரல் இருக்கிற இடத்திலேயே இருக்கும், சத்தம் மட்டும் ஒரு அமுக்கலுக்கு ஒரு கட்டை இறங்கி ஒலிக்கும்.

அந்தப் பட்டனுக்குக் கீழே, மடித்துச் செருகிய காகிதத்தில் ஆரோனின் நடுங்கிய கையெழுத்து இருந்தது.

'எனக்கு அப்புறம் வாசிக்கும் தம்பிக்கு: மேரி உங்கள் கையைப் பார்ப்பாள், அதனால் கை எஃப்-லேயே இருக்கட்டும். பதினோரு வருடமாக ஒவ்வொன்றாக இறக்கி, இப்போது மூன்று தடவை இந்தப் பட்டனை அமுக்குகிறேன். தயவுசெய்து அவளிடம் சொல்லிவிட வேண்டாம்; தெரிந்தால் பாடுவதையே விட்டுவிடுவாள்.'