இறங்க மறுத்த புள்ளி

மின்நூல் படிக்கும் மின்வாசிப்பானின் திரையில், குண்டூசி முனையிலும் சிறிய குமிழி ஒன்றில் ஒரு கறுப்புத் துகளும் ஒரு வெள்ளைத் துகளும் குடியிருந்தன. மின்சாரம் இழுக்கும்போது ஒன்று மேலே ஏறித் திரையில் தெரியும், மற்றது இறங்கி மறையும்.

அன்று கறுப்பு, 'கல்' என்ற சொல்லுக்குப் புள்ளியாக நின்றது. பக்கம் மாறியது. இப்போது அங்கே 'பல பேர்' என்று வர வேண்டும்.

"இறங்குப்பா, என் முறை," என்றது வெள்ளை.

"இரு. நம்மை யாராவது பார்க்கிறார்களா என்று தெரிய வேண்டாமா?" கறுப்பு திரையோடு ஒட்டிக்கொண்டது.

படித்துக்கொண்டிருந்த செண்பகம் நிமிர்ந்தாள். "பல் பேரா?" திரையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. திரையைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். திரை முழுவதும் கறுத்து வெளுத்துக் குலுங்கியதில் கறுப்பு அடியில் விழுந்தது.

"பார்த்தாளா?" என்றது வெள்ளை ஆவலாக.

"என்னை மட்டுமே பார்த்தாள்!"

"ஒழுங்காக நின்றபோது?"

அடியில் கிடந்த கறுப்பு சொன்னது:

"அப்போது அவள் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்."