கட்டிலை விட்டு இறங்காதவள்

"உதட்ட நனைச்சா போதுமா ரேணு? சொம்பு முழுசையும் குடி."

எல்லம்மாள் வெந்நீர்ச் சொம்பை மருமகளின் வாயருகே நீட்டினாள். ரேணுகாம்பாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுடைய ஒரு கை வயிற்றின் மேல். இன்னொரு கை, பக்கத்தில் துணியில் சுற்றிக் கிடந்த பெண் குழந்தையின் மேல்.

பிரசவமாகி நாலு நாள். இன்னும் வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாக இறுகி, முகம் வெளிறிக் கிடந்தது.

அந்த ஆஸ்பத்திரி வார்டில் மற்ற மாமியார்களெல்லாம் பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று மருமகள்களின் நாக்கை வறளப் போட்டிருந்தார்கள். எல்லம்மாள் மட்டும் நர்ஸ் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அடி அண்ணாமலை வீட்டிலிருந்து தினமும் கீரை கடைந்து தூக்குச் சட்டியில் கொண்டுவந்தாள். பழத்தை உரித்து ஊட்டினாள். இப்படியொரு மாமியார் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டில் முன்னி பேகம் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஆனால் கீரை அப்படியே இருந்தது. பழம் பாதியோடு நின்றது. கழிப்பறை வராந்தாவின் கோடியில். எழுந்து போய் வா என்றால் போதும், ரேணுகாம்பாள் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள்.

நர்ஸ் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. தையல் பிரிந்துவிடும் என்ற பயம் எல்லாருக்கும் வருவதுதான், பிரியாது. சுத்தமான துணியை மடித்துத் தையலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முக்காமல் உட்கார்ந்தால் போதும் என்றாள்.

"வர்றப்ப அடக்கறதுதாம்மா தப்பு. அடக்க அடக்க இறுகும். சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா எனிமாதான், சொல்லிட்டேன்."

நர்ஸ் நகர்ந்ததும் எல்லம்மாள் ஒரு தரம் வாசலைப் பார்த்தாள். பிறகு மருமகளின் காதருகே குனிந்தாள்.

"பயப்படாத கண்ணு. மெள்ள எழுந்து போய்ட்டு வா. குழந்தைய நான் பாத்துக்கறேன்."

ரேணுகாம்பாள் மாட்டேன் என்று தலையாட்டினாள். எல்லம்மாள் கெஞ்சினாள், அதட்டினாள், இப்படியே கிடந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும் என்று பயமுறுத்தினாள். ஒன்றும் பலிக்கவில்லை.

திடீரென்று வலி சுருட்டிப் பிடித்தது. ரேணுகாம்பாள் பல்லைக் கடித்தாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. காலைத் தரையில் ஊன்றினாள். இனி அடக்க அவளால் ஆகாது.

எல்லம்மாள் சட்டென்று குழந்தைக்கு அடியில் கைகளை நுழைத்தாள்.

ரேணுகாம்பாள் அந்தக் கைகளை விலக்கினாள். குழந்தையை வாரி எடுத்து, தள்ளாடியபடி போய் முன்னி பேகத்தின் மடியில் வைத்தாள்.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க."

திரும்பி வந்து மாமியாரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"நீங்க எங்கூட வாங்க அத்தே. கதவாண்ட நின்னு, எனக்குக் கேக்கற மாதிரி பேசிக்கினே இருங்க. போன பிரசவத்துல நான் கொல்லைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ளதான, என் ரெண்டாவது பொண்ணத் தூக்கி, புள்ள இல்லாத உங்க மவ கையில குடுத்து பஸ் ஏத்தி அனுப்புனீங்க?"