சோளகம் தொடங்கிய நாள்

கக்கத்தில் ஒரு சுருளுடன் சவிரிமுத்து பாடசாலை வாசலில் நிற்பதைக் கண்டதும் நிசாந்தினி ரீச்சருக்குத் திக்கென்றது. அவருடைய மகள் யூலியானா தொழில் விருப்பப் படிவத்தில் எழுதிய கூத்து இந்தக் கடற்றொழிலாளியின் காதுக்கும் எட்டிவிட்டதாக்கும்.

"இருங்கோ அண்ணை," என்று கதிரையை இழுத்துப் போட்டாள். தொழில் வழிகாட்டல் அவள் பொறுப்பு. "காலநிலை மாற்றத்தைப் படிக்கப் போறனெண்டு பிள்ளை எழுதினது உண்மைதான். நீங்கள் யோசியாதேங்கோ. அப்பிடி ஒரு வேலையே இல்லையெண்டு விளங்கப்படுத்தி, நேர்ஸ் எண்டு மாத்தி எழுதுவிச்சிட்டன்."

"ஓம், அழுதுகொண்டு வந்தவள்."

"உங்களுக்குச் சொல்லாமல் எழுதிப்போட்டாள், பாவம். அடிச்சுக்கிடிச்சுப் போடாதேங்கோ."

சவிரிமுத்து சுருளை மேசையில் விரித்தார். எல்லாம் கோயில் கலண்டர்கள். தொண்ணூற்றேழிலிருந்து போன வருடமான இரண்டாயிரத்தெட்டு வரை பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு திகதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"தென்மேற்கிலையிருந்து சோளகக் காத்துத் தொடங்கின நாள் ரீச்சர். சண்டையாலை கடலுக்குப் போக விடாத வருசத்திலயும் குறிச்சனான். வர வரப் பிந்துது. ஏனெண்டு படிச்சுச் சொல்லு பிள்ளையெண்டு நான்தான் அவளிட்டைக் கேட்டனான்."

நிசாந்தினி வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வேலை இல்லையெண்டு சொன்னியள். தெரியாதெண்டு சொல்லியிருந்தால் வேறை ஆரையாவது கேட்டிருப்பமே."

அவள் யூலியானாவின் படிவத்தைத் தேடி எடுத்து, 'நேர்ஸ்' என்பதை வெட்டினாள்.

"எனக்குத் தெரியாதண்ணை," என்றாள். "கம்பஸிலை படிப்பிக்கிற ஆக்களிட்டைக் கேட்டுச் சொல்லுறன். இந்தக் கலண்டருகளை ரெண்டு நாளைக்குத் தாங்கோ."